நான் நனைத்த பக்கம்

நோபல் பார்க் என்ற புறநகரில் என் நண்பன் தனியாக எடுத்த முதல் வேலை அது. ஓர் அங்கிள் வீட்டில், தெருவிலிருந்து கராஜ் வரை கார் ஏறும் டிரைவ்வேக்குக் கான்கிரீட் போட வேண்டும். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவன், தற்காலிக விசா. இந்த வேலை நன்றாக அமைந்தால்தான் அடுத்தது வரும். நான் சென்னையில் சிவில் படித்துவிட்டு இங்கே மேற்படிப்புக்கு வந்த அவசரக்காரன்; அவனுக்குக் கையாளாகப் போயிருந்தேன்.

அன்று பாலைவனத்திலிருந்து சுடும் வடகாற்று அடித்தது. கொட்டிய கால் மணி நேரத்தில் கலவை இறுகத் தொடங்கியது.

"தண்ணி மட்டும் விடாத மச்சான்," என்று சொல்லிவிட்டு அவன் தெருப் பக்கம் மட்டம் பார்க்கப் போனான். தண்ணீர் கூடினால் வலிமை குறையும் என்று நான் தேர்விலேயே எழுதியிருக்கிறேன். ஆனாலும் கராஜ் பக்கம் கலவையை மட்டமாக்கும் என் பலகை நகரவில்லை. அவன் பார்க்காதபோது தண்ணீர் ஹோஸைத் திறந்தேன்.

ஒரு மாதத்தில் அங்கிள் கூப்பிட்டுக் காட்டினார். "விளக்குமாத்தால கூட்டக் கூட்ட மா மாதிரி வருது தம்பி. ஆரின்ர பிழை?"

"எங்கட பிழைதான் அங்கிள். உடைச்சுப் புதுசாப் போட்டுத் தாறம்," என்றான் நண்பன்.

அந்த 'எங்கட' என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான் தண்ணி விட்டேன்," என்றேன்.

"தெரியும். உன்ர பக்கம் மட்டும்தானே மாவாக் கிடக்கு," என்றான் அவன்.

அந்தப் பாதியை இரண்டு நாள் உடைத்தோம். மறுநாள் வெயில் ஏறுமுன் மறுபடி போட்டோம். இறுகிய கான்கிரீட்டை ஒரு வாரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். நண்பன் ஹோஸை என் கையில் கொடுத்தான்.

"இப்ப விடு, ஆசை தீர."

ஏழு நாளும் நானே போய் நனைத்தேன்.