எர்த் இருக்கு என்று சொன்னேன்

"வீட்ல எர்த் இருக்காம்மா?" என்று மதுரைக் கடைக்காரர் கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன்.

இல்லை என்பது எனக்குத் தெரியும். அருப்புக்கோட்டையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குக் கரண்டு வந்ததே விளக்குக்காகத்தான். பிறகு ரேடியோ வைக்க இரண்டு ஓட்டையுள்ள ஒரு பிளக் பாயிண்ட். அவ்வளவுதான். நான் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் ஒயர் எதற்கு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டவள். ஆனால் அன்று பக்கத்தில் எங்கள் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டில் எல்லா வசதியும் இருந்தது. எங்கள் தெருவிலேயே முதன்முதலில் கரண்டு அடுப்பில் கேக் செய்தவர் அவர். அவர் முன்னால் "இல்லை" என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

கடையில் கேக் அடுப்பு இரண்டு வகை இருந்தன. ஒன்று, கதவு வைத்த பெட்டி. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகு உண்டு. மற்றொன்று வட்டமான அலுமினியப் பாத்திரம் போல, மூடியில் ஒரு கண்ணாடி பதித்தது. தலைமையாசிரியை பெட்டியைக் காட்டினார். என் காசுக்கு எட்டியது வட்டம்தான். "எங்க மூணு பேருக்கு இது போதும் மேடம்" என்றேன். அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் நூல் கடையிலிருந்து வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"குண்டாவுக்குக் கண்ணாடி மாட்டிக் குடுத்திருக்கான். இதுக்கு மதுரை வரைக்கும் போகணுமாக்கும்!"

அதன் பிளக்குக்கு மூன்று கால்கள். எங்கள் சுவரில் நுழையவில்லை. எலெக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயை இறக்கி, அங்கிருந்து ஒயர் கொண்டுவர வேண்டும் என்றார். வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். மூன்று நான்கு நாளாகும். என் மகளுக்கு அப்போது பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேக் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நானே உட்கார்ந்து பிளக்கைக் கழற்றினேன். இரண்டு கால் பிளக் ஒன்றை வாங்கி மாட்டினேன். மிஞ்சிய பச்சை எர்த் ஒயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றினேன். 

முதல் கேக் உப்பவில்லை. சாயங்காலமானால் எங்கள் ஊரில் பல்பு சிவப்பாகத்தான் எரியும். அந்தக் கரண்டில் மாவு ஓரத்தில் வெந்து நடுவில் களியாக நின்றது. "அல்வான்னு சொல்லிக் குடுத்திருந்தா நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன்" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு பகலில் போட்டுப் பழகினேன். கேக்கைவிட அதில் கடலை அருமையாக வறுபட்டது. மணலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கண்ணாடி வழியாகத் தோல் கருகுவதைப் பார்த்துக்கொண்டே நிறுத்திவிடலாம். தெருவில் நான்கு வீட்டிலிருந்து கடலையைக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடலையைத் தட்டில் பரப்பி வைப்பதும் கிளறுவதும் வீட்டு வேலைக்கு வந்த பெண்தான். பாளையம்பட்டியிலிருந்து நடந்தே வருவாள். எங்கள் வீட்டோடு சேர்த்து எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் அவளுக்கு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அவளை நீ, வா, போ என்றுதான் பேசினேன். இங்கேயும் "அவள்" என்றே எழுத வருகிறது.

இரண்டாம் வாரம் அவள் சொன்னாள்: "டீச்சர், இந்த அடுப்பத் தொட்டா ஜிவ்வுன்னு இழுக்குது."

"சூடா இருக்கும்."

"சூடு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா அடுப்புலதான கெடக்கேன். இது வேற. இழுக்குது. என் மேல அப்படி என்ன ஆசையோ, தொட்டா விடமாட்டேங்குது."

நான் சிரித்துக்கொண்டே போய் விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போல எனக்கும் ஊர்ந்தது. கையை எடுத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, புதுசுன்னா பயமாத்தான் இருக்கும்" என்றேன். சாப்பாட்டு வேளையில் அவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். "கரண்டுக்கு அவ மேல ஆசையாம்." மகளும் சிரித்தாள். வேலைக்கு வந்தவள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும்.

 அதன்பின் அவள் எங்கிருந்தோ ஒரு மரப் பலகையை எடுத்து வந்து அடுப்புக்கு முன்னால் தரையில் போட்டாள். அதன்மேல் ஏறி நின்றுகொண்டுதான் கடலையைக் கிளறுவாள். அவளைப் பார்த்து மகளும் ஏறி நின்றுதான் கண்ணாடியில் எட்டிப்பார்ப்பாள். பலகையில் நின்றால் ஏன் இழுப்பதில்லை என்பதற்கு எட்டாம் வகுப்புப் பாடத்திலேயே விடை இருந்தது. எனக்கோ, சமையலறைக்கு நடுவில் ஒரு அழுக்குப் பலகை கிடக்கிறதே என்றுதான் இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் தலைமையாசிரியை வருவதாக இருந்தது. காலையிலேயே கேக்கை அடுப்பில் வைத்துக் கரண்டைப் போட்டேன். பலகையைத் தூக்கிக் கொல்லையில் போட்டேன். தரை பிசுக்காக இருந்ததால் நானே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அவள் அப்போது வாசலில் இருந்தாள்.

மகள் கேக்கைப் பார்க்க ஓடி வந்தாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, மூடி ஓரத்தைப் பிடித்தாள். கத்தவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. கை அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் பாய்ந்தேன். பின்னாலிருந்து யாரோ என்னைப் பிடித்துத் தள்ளியதில் சுவரில் போய் விழுந்தேன்.

"தொடாதீக!"

வேலைக்காரப் பெண்தான். அவள் குழந்தையைத் தொடவில்லை. சுவரிலிருந்து தொங்கிய துணி சுற்றிய ஒயரைச் சேலை முந்தானையோடு சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பிளக் தெறித்து வந்தது. மகள் மடங்கி விழுந்தாள். நாலைந்து நொடி கழித்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"எங்க ஊர்க் கெணத்து மோட்டார்ல இப்படித்தான் டீச்சர்" என்றாள் அவள், மூச்சிரைக்க. அவளுக்குப் பிறந்த ஊர் திருச்சுழிப் பக்கம். "அண்ணன் ஒட்டிக்கிட்டான்னு தம்பி புடிச்சான். ரெண்டு பேரும் போய்ட்டாக."

சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. அவர் கடையிலிருந்து ஓடிவந்தார். மகளின் உள்ளங்கையில் இரண்டு வெள்ளைத் தீக்காயங்கள். அவற்றைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"கரண்டு அடுப்பு கிட்ட யாரு இம்புட்டுத் தண்ணிய ஊத்துனது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவளிடம் திரும்பினார். "ஏம்மா, ஒனக்கு அறிவு வேணாமா? பிள்ள செத்திருக்குமே!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மகளின் கைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். தடவி முடித்தபின்னும் தடவிக்கொண்டே இருந்தேன். வாசலில் நின்ற பெண்களும் பார்த்தார்கள். தலைமையாசிரியையும் வந்து நின்றார். அவள் இடுப்பில் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. வேறொரு எலெக்ட்ரீசியன் வந்தார். பிளக்கைத் திறந்து பச்சை ஒயரை நிமிண்டி, "இத வெட்டுனது யாரு?" என்றார்.

"கடையில அப்படித்தான் குடுத்தாங்க" என்றேன்.

அதற்கு அடுத்த நாள் என் வீட்டுக்காரர் அடுப்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிவிட்டார், கடைக்காரனை நாலு கேள்வி கேட்பதற்கு. நான் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். பஸ் வந்து, அவர் படியில் கால் வைத்தபோது சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கடைக்காரர் இல்ல. நான்தான் வெட்டினேன். தண்ணி ஊத்தினதும் நான்தான்."

அவர் படியிலிருந்து இறங்கிவிட்டார். பஸ் போனது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "அந்தம்மாவ நான் என்ன பேச்சுப் பேசிட்டேன்" என்று மட்டும் சொன்னார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். நான் பாளையம்பட்டி பஸ்ஸில் ஏறினேன்.

அவள் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். "பாப்பா கை எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே, வேகவேகமாக, பாடம் ஒப்பிப்பது போல. "மன்னிச்சிருங்க. திரும்ப வாங்க" என்றேன்.

"என்ன டீச்சர், திடீர்னு வாங்க போங்கன்னு?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நீங்க என்கிட்ட எதுக்குச் சொல்றீக? ஊத்துனது நான் இல்லன்னு எனக்குத் தெரியாதா? மத்த நாலு வீட்டுக்காரவுகளும் வாசல்ல நின்னு கேட்டாகள்ல, அவுககிட்டப் போய்ச் சொல்லுங்க. பிள்ளையக் கொல்லப் பாத்தவன்னு பேசுறாக. நாளைக்கு எப்படி வேலைக்கு உள்ள விடுவாக?"

அன்றைக்கே போனேன். முதல் வீட்டில் சொன்னேன். அந்த அம்மா, "அட, விடுங்க, யாருக்குத்தான் தப்பு நடக்கல" என்றார். இரண்டாவது வீட்டில் சொன்னேன். மூன்றாவதில் வாசலிலேயே நின்று சொன்னேன். நாலாவது வீடு தலைமையாசிரியையுடையது. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். "நீங்கதான் சயின்ஸ் டீச்சர், வேலைக்காரங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்து வைக்கணும்" என்றார். சொல்லணும் மேடம் என்றேன். காபியைக் குடித்தேன். பரீட்சைத் தாள்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தேய்த்துக்கொண்டே, குரலில் கோபம் இல்லாமல், "பெரிய டீச்சர் வீட்டுல என்னைய நிப்பாட்டிட்டாக" என்றாள்.

நான் செருப்பைக்கூடப் போடாமல் அந்த வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். கடையில் சொன்ன பொய்யையும் சேர்த்து.  தலைமையாசிரியை உள்பக்கம் கையைக் காட்டினார். அங்கே வேறொருத்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலதான் பேசி முடிச்சேன்" என்றார். "இவள எப்படி இப்பப் போன்னு சொல்றது?"