பால் ஊற்றாத பாம்பு

மழை விட்ட காலையில், மஞ்சக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஆரஞ்சு நிறப் பாம்பொன்றை அடித்துப் போட்டிருந்தார்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவருக்கு நரைத்த மீசை. எதைத் தொடுமுன்னும் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

பால் சொம்போடு நின்றார் எதிர்வீட்டுக்காரர். "நல்லபாம்பா சார்? அப்டின்னா பால் ஊத்தி எரிக்கணும்."

"நம்ம ஊரு பாம்பே இல்ல. யாரோ வளத்தது. உங்களப் பார்த்து ஓடுச்சா?"

"இல்லிங்க. நேரா எங்ககிட்டயே வந்துச்சு. பயந்துதான் அடிச்சோம்."

"கையில எடுப்பீங்கன்னு வந்துருக்கு."

சொம்பு உள்ளே போனது. சற்று நேரத்தில் அந்தப் பால் டீயாக வந்தது. தீயணைப்புக்காரர் டம்ளரை வாங்கி, குடிக்காமல் மதில்மேல் வைத்தார். பிறகு உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு பாம்பைத் தூக்கினார். செத்த பாம்புக்கு எதற்குக் கையைத் துடைக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.