ரத்தினண்ணைக்கு வைத்திருந்த சைக்கிள்

ரத்தினண்ணை சைக்கிள் ஓடும்போது நிமிஷத்துக்கு ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்ப்பார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தளபாடக் களஞ்சியத்தில் இருபத்தாறு வருஷம் பின்னால் பார்த்துப் பார்த்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கழுத்து அது. மோர்னிங்சைட் பூங்காவில் நான் தேத்தண்ணிப் போத்தலோடு வாங்கில் இருப்பேன். அவர் ஆற்றோரப் பாதையில் ஒரு சுற்றுப் போய் வருவார்.

"முன்னாலை பாருங்கோ அண்ணை. உங்களுக்குப் பின்னாலை ஒருத்தரும் வரேல்லை."

"வந்தால்?"

"வந்தால் மணி அடிப்பினம்."

அறுபத்திரண்டு வயதில், மனைவி மங்கையற்கரசி செத்து எட்டாம் மாதம், அவர் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கியது மகளுக்காக. மகள் நிலாணி அமெரிக்காவில், யூட்டாவில் இருக்கிறாள். செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள் ஆட்களைச் சைக்கிளிலும் நடையிலும் கூட்டிக்கொண்டு போகிற வழிகாட்டி வேலை. ஆறு நாள் பயணம். காலையில் ஓட்டம், பின்னேரம் நடை, தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிய வான் ஒன்று பின்னால் வரும். அதற்கு ஆட்கள் காசு கட்டி வருவார்கள் என்பதை ரத்தினண்ணை கனகாலம் நம்பவில்லை.

மருந்தாளர் படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு அவள் அங்கே போனபோது, "இனி என்ரை வாசல் மிதியாதை" என்றவர் அவர். கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெடியனை அவள் அங்கேயே கட்டியபோது மங்கை அக்கா தனியாகத்தான் போய் வந்தா. இவர் போகவில்லை. கோபம் பாதி, பயம் பாதி. அந்தப் பயம் என்னவென்று எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

தாயின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின்னேரம், குசினியில் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்ற நிலாணி, தகப்பனைப் பாராமலே கேட்டாள். "அப்பா, ஒருக்கா வாங்கோ. ஜஸ்ட் ஒன்ஸ். நான் என்ன செய்யிறன் எண்டு பாருங்கோ."

"பாப்பம்" என்றார்.

இந்த மனிதரின் பாப்பமுக்கு இல்லை என்றுதான் அர்த்தம். அவளும் அப்படித்தான் எடுத்திருப்பாள். ஆனால் சித்திரை பிறக்க, சைக்கிளோடு என் வாசலில் நின்றார். "ஸ்ரீ, அவளின்ரை கொம்பனிக்கு ஒரு ஃபோம் இருக்காம். நிரப்பித் தா."

என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது ஃபோம் நிரப்பியதுதான். எண்பத்தொன்பதில், கனடாவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஒரே அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். எனக்கு மட்டும் இங்கிலீஷ் எழுத வரும். எல்லாருடைய அகதி வழக்கையும் நான்தான் எழுதினேன். ரத்தினண்ணையின் வழக்கு சின்னது. ஊரில் வீடு வீடாகச் சேர்த்த சாப்பாட்டுப் பார்சலைப் பதினொரு நாள் சைக்கிளில் கட்டி இயக்கப் பெடியளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். யாரோ காட்டிக் கொடுக்க ஆமி தேடி வந்தது. ஓடிவிட்டார். அவ்வளவுதான். எழுதி முடித்து எல்லாருக்கும் சொன்னதையே அவருக்கும் சொன்னேன்: "எங்கை, ஆர், எப்ப கேட்டாலும் இதைத்தான் சொல்லவேணும். கதை மாறக்கூடாது." அந்தப் பார்சல்தான் அவருக்குக் கனடாவைத் தந்தது.

அமெரிக்காவில் அதே பார்சல் பயங்கரவாதத்துக்குச் செய்த உதவியாகப் பார்க்கப்படும் என்று பிறகு இங்கே எங்கள் ஆட்களுக்குள் பேச்சு வந்தது. அதனால் முப்பத்தைந்து வருஷம் அவர் எல்லைக்கு அப்பால் கிட்ட இருக்கிற பஃபலோவுக்குக்கூடப் போகவில்லை. நான்தான், "கனேடியன் பாஸ்போட் அண்ணை, இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள்" என்றேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், அன்றைக்கு மட்டும் ஏன் தைரியம் சொன்னேனோ தெரியாது.

ஃபோமில் உயரம் கேட்டிருந்தது. கால் நீளம் கேட்டிருந்தது, சைக்கிளின் சீற்றை அளவுக்கு வைப்பதற்காம். சுவரோடு நிற்கவைத்து நாடாவால் அளந்தேன்.

"சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரிக் கிடக்கு."

"பேசாமல் நில்லுங்கோ."

இந்தப் பயணத்தை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று கடைசிக் கேள்வி. "மகளோடை சைக்கிள் ஓட எண்டு போடு" என்றார். பிறகு, "வேண்டாம், அவள் வாசிப்பாள். வெட்டு." நான் வெட்டவில்லை.

அவள் வாசித்திருக்கிறாள். அன்று தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்தாள். எத்தனை கிலோமீட்டர், முழங்கால் எப்படி, தண்ணி குடிச்சனீங்களோ. பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டை ஒன்றைத் தபாலில் அனுப்பினாள். அதைப் பிடித்துப் பார்த்து, "உதைப் போட்டுக்கொண்டு போக, கோயில் ஆக்கள் கண்டால் என்ன சொல்லுவினம்?" என்றார். மேலே ட்ராக் பான்ட்ஸ் போட்டுக்கொண்டு ஓடினார். புரட்டாதி நடுவில் நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, "சொல்லிப்போட்டன் அவளுக்கு. 'அப்பா, யூ ஆர் ரெடி' எண்டாள்" என்றார். வேலையில் ஃபோர்மன் பாராட்டிய நாள்களிலும் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

அமெரிக்காவின் குடிவரவு வாசல் ரொறன்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. பறக்க முதலே விசாரித்துவிடுவார்கள். விடிய ஆறு மணிக்கு இறக்கிவிட்டேன். பதினொன்றரைக்கு எடுத்தார். "ஸ்ரீ, காரைக் கொண்டு வா."

வாசலில் பெட்டியோடு நின்றார். ஹெல்மெட் பெட்டியின் கைபிடியில் கொழுவியிருந்தது. கார்த் தரிப்பிடத்துக்குள் வந்த பிறகுதான் வாய் திறந்தார். முதல் மேசையில் இருந்தவன் நல்ல பெடியனாம். எங்கே போகிறாய் என்று கேட்டான். சைக்கிள் ஓட என்றதும் சிரித்து, கனகாலம் ஓடுவியோ என்றான். ஊரிலும் ஓடினனான் என்றிருக்கிறார். பாஸ்போட்டில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு உள் அறைக்கு அனுப்பினான். எப்போதாவது இயக்கத்துக்கு உதவி செய்தாயா என்று அங்கே இருந்தவன்தான் கேட்டான்.

"என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? உள்ளதைத்தான். பதினொரு நாள், சாப்பாட்டுப் பார்சல், சைக்கிள்."

"அண்ணை..."

"கதை மாறக்கூடாதெல்லோ."

மடித்த கடதாசி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். இனி அந்தப் பக்கம் போக முடியாது என்பதை இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார்கள். போன் அடித்தது. நிலாணி. பிளேனில் ஏறியாச்சோ என்று கேட்டு, 'போடிங்?' என அவள் அனுப்பிய மூன்று செய்திகள் ஏற்கெனவே கிடந்தன.

அவர் எடுக்கப் போக நான் கையைப் பிடித்தேன். இதை எழுதும்போது, அப்படிப் பிடித்த என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "போனிலை உதைக் கதையாதேங்கோ. அவளின்ரை கிரீன் காட் அலுவல் இன்னும் முடியேல்லை. தகப்பன் இப்பிடி எண்டு வந்தால் அவளின்ரை ஃபைலையும் தூக்குவாங்கள். அவளுக்குத் தெரியாமல் இருக்கிறதுதான் அவளுக்குப் பாதுகாப்பு." இதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இருக்கவில்லை. பயம் மட்டும் இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். கைதவறி ஸ்பீக்கரில் அழுத்தியதால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"அப்பா, எங்கை நிக்கிறீங்கள்?"

"வீட்டை."

"வாட்?"

"நான் வரேல்லைப் பிள்ளை. முழங்கால் நோகுது."

"போன கிழமை நாப்பது கிலோமீட்டர் ஓடினன் எண்டு சொன்னீங்கள். நான் வான்லையே உங்களை வைச்சுக்கொண்டு போவன். ஓடவே தேவையில்லை."

முழங்காலை அவள் விடமாட்டாள், டொக்டரிடம் காட்டுங்கள் என்பாள், அடுத்த மாதம் வாருங்கள் என்பாள் என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும்.

"மனமில்லைப் பிள்ளை. உந்தக் கல்லையும் வெய்யிலையும் பாக்க நான் ஏன் வரவேணும்?"

போனில் காற்று இரைந்தது. அவள் வெளியில் நின்றிருக்கிறாள்.

"ஓகே. அம்மா எண்டால் வந்திருப்பா" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

ஞாயிறுகளில் அவள் எடுப்பது நின்றது. பத்து நாள் கழித்து, அந்தப் பயணத்தின் படங்களைக் கொம்பனியின் பக்கத்தில் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்கு வந்து, கொம்பியூட்டரில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். தீப்பிடித்த மாதிரிச் சிவந்த மதில்கள், நடுவில் முழங்கால் அளவு ஆறு, தடி ஊன்றி நடக்கிற ஆட்கள். நிலாணி எல்லாப் படத்திலும் சிரித்தாள், வேலை அது. கடைசிப் படத்தில் சாமான் ஏற்றிய வானின் பின்பக்கம் தெரிந்தது. அதில் ஒரு சைக்கிள், சக்கரத்தில் புழுதி இல்லாமல், கட்டியபடியே நின்றது.

"உதைப் பெருப்பி."

பெருப்பித்தேன். கைபிடியில் ஒரு சின்ன அட்டை. பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து பாதியில் ஓடியவளின் கையெழுத்து, ஒன்றுக்கொன்று உயரம் பொருந்தாத எழுத்துகளில்: அப்பா.

அவர் கனநேரம் பார்த்தார். "சீற் உயரம் சரியாத்தான் வைச்சிருக்கிறாள்" என்றார்.

மாசியில் அவளுக்குக் கிரீன் காட் வந்துவிட்டது. அவளின் ஒன்றுவிட்ட தங்கச்சி யதுஷா மூலம் கேள்விப்பட்டோம், அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். "இனிப் பயமில்லை அண்ணை. சொல்லுங்கோ. உங்களுக்கு ஏலாட்டில் இங்கிலீசிலை நான் எழுதித் தாறன், நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கோ."

சைக்கிளை வரவேற்பறையில் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பனி இன்னும் கரையவில்லை. ஓட ஒரு இடமும் இல்லை.

"சொன்னால் என்ன நினைப்பாள்? அண்டைக்கு வாசலிலை என்னை மறிச்சுப்போட்டாங்கள், நான் அவளுக்குப் பொய் சொன்னன் எண்டு. அவ்வளவு நாளும் தகப்பனைத் திட்டினதை நினைச்சு அழுவாள். பேந்து அங்கை நிம்மதியா இருப்பாளே? கோவமா இருக்கட்டும். கோவம் அவளுக்குப் பழக்கம்."

"அண்ணை, அது சரியில்லை."

பின்சக்கரத்தைக் கையால் ஒருதரம் சுற்றிவிட்டார். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதை மாறக்கூடாதெண்டு நீதானே ஸ்ரீ சொன்னனி" என்றார். குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.