கூப்பிட ஆளில்லாத வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரஞ்சிதம் தெருவில் நடந்தால், கள்ளக்குறிச்சியின் அந்த மூலையில் இருப்பவர்கள் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. கையில் டார்ச், தோளில் பாட்டுப் புத்தகங்கள் அடைத்த பை. ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே வாக்கியம்: "பிச்சைமுத்து வூட்ல ஜெபம், ஏழு மணிக்கு வந்துடுங்க." உள்ளேயிருந்து பதில் குரல் வரும்வரை நகரமாட்டாள்.

எந்த வீட்டில் ஜெபம் என்பதைப் போதகர் ஞாயிற்றுக்கிழமையே ஆலயத்தில் சொல்லிவிடுவார். ஆனாலும் வாசலில் வந்து கூப்பிடாமல் அந்தச் சபையில் போதகர் உட்பட ஒருவரும் செருப்பை மாட்டமாட்டார்கள். கூப்பிடாமல் போனால் சுண்டலுக்கு வந்தவர்கள் என்று ஆகிவிடுமாம். யாராவது ஒருவர் போய்த்தான் ஆகவேண்டும். புருஷன் இறந்த வருஷத்திலிருந்து அது ரஞ்சிதத்தின் வேலை.

அது ஒன்றுதானா? பகல் முழுக்க ஜவுளிக்கடை பஷீர் அகமதுவின் தாயார் ஜீனத்துன்னிசாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன அம்மாள். அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். சனிக்கிழமை ஆலயத்தைப் பெருக்கிப் பூ வைப்பது, நற்கருணை மேசைத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவது, பெண்கள் சங்கம். மாதம் ஒருமுறை ஜீப்பில் வெள்ளிமலைக்கு ஏறி, அங்கிருந்து தான் பிறந்த சிற்றூருக்குப் போய் ஞாயிறு பள்ளி நடத்துவது. ஊரில் யாரைக் கேட்டாலும் பக்தியான பொம்பளை என்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி கையில் தட்டியது. அழுத்தினாள், வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. பத்தொன்பது வயதில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி எடுத்தவள். தள்ளிப்போட்டு வந்த எத்தனையோ பெண்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறாள். மறுநாளே டாக்டரிடம் போனாள். சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுதான். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் வருகிற திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்று முடிவானது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்னால் போதும், அதற்கு முன்னால் சொன்னால் அவனுக்குத் தூக்கம்தான் கெடும் என்று கணக்குப் போட்டாள். சபைக்கு மட்டும், எல்லாரும் கூடியிருக்கும்போது, ஜெப விண்ணப்பம் கேட்கும் நேரத்தில் ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அழுகையை வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. போதகரிடம் போய் இந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தைத் தன் வீட்டில் வைக்கச் சொன்னாள்.

பெண்கள் சங்கத் தலைவி அம்சவள்ளி கேட்டதும் சிரித்தாள். "உன் வூட்லயா? எல்லார் வூட்டுக்கும் பாய் தூக்கிக்கினு போற, உனக்கும் ஒரு வூடு இருக்குதுன்றதே மறந்துபோச்சுக்கா."

அந்த வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்ப ஜீனத்துன்னிசாவிடம் அனுமதி வாங்கியிருந்தாள். கிளம்பும் நேரம் பார்த்து அந்த அம்மாளுக்கு வயிற்றுப்போக்கு.

"வேணும்னே பண்றேன்னு நெனைக்கிறியா?" என்றார் ஜீனத்துன்னிசா, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"நீங்க வேணும்னே பண்ணாலும் நான்தானம்மா தொடைக்கணும். கால மடக்குங்க."

துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பை மாற்றி, மருமகள் முஹ்சினாவிடம் கஞ்சி எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். காராமணி வேகவைத்துத் தாளித்தாள். டீக்குப் பால் காய்ச்சினாள். பாய்களை விரித்தாள். புடவை மாற்றிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள்.

ஏழு மணி ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. பாலில் ஆடை கட்டியது. தெருவில் ஸ்கூட்டர்கள் போயின, எதுவும் நிற்கவில்லை. வெகுநேரம் கழித்து ஆணியில் தொங்கிய டார்ச்சைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கூப்பிடப் போகிறவள் அவள்தானே. அவள் போகவில்லை. அப்படியிருக்க யார் வருவார்கள்?

எழுந்து ஒரு காலில் செருப்பை மாட்டினாள். நாலு வாசலில் நின்று சொன்னால் போதும், கால்மணி நேரத்தில் வீடு நிறைந்துவிடும். ஆனால் தன் நோய்க்குத் தானே ஆள் கூட்டிக்கொண்டு வருவதா? எந்த வீட்டிலும் கூப்பிட வந்த வாயையே பார்த்தார்கள், வந்தவளைப் பார்க்கவில்லை என்று கசந்தது. செருப்பைக் கழற்றினாள். கதவைச் சாத்தினாள்.

சரி, ஜெபமாவது நடக்கட்டும் என்று மண்டியிட்டாள். வாய் தானாக ஓடியது. போதகருக்காக, பிச்சைமுத்துவின் முழங்காலுக்காக, சபைப் பிள்ளை எழில்மதியின் பரீட்சைக்காக, மலையில் மழைக்காக. எல்லாம் வரிசையாக வந்தன. தன் முறை வந்ததும் நின்றுபோயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு தனக்கும் கடவுளுக்கும் மட்டுமாகப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தாள். பஸ்ஸில் முணுமுணுத்தது, ஊசி போடும்போது முணுமுணுத்தது, மைக்கில் சொன்னது, இவைதான் நினைவுக்கு வந்தன. ஆலயத்துத் துணியெல்லாம் அவள் கையில் வெளுத்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் எப்போதோ வெளியே வந்து நின்றுவிட்டிருந்தாள்.

கடைசியில், டூட்டி டாக்டரிடம் நோயாளியின் நிலையைச் சொல்வதுபோலச் சொன்னாள். "இடது பக்கம் கட்டி. திங்கக்கெழம ஆபரேஷன். ராத்திரில தூக்கம் வர்றதில்ல. பயமா இருக்குது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆறுதல் வந்தது என்று எழுதினால் பொய். ஆனால் அவள் எழுந்து போகவில்லை. முழங்கால் மரத்துப்போகும்வரை அங்கேயே இருந்தாள்.

காலையில் அம்சவள்ளி வந்தாள். "இன்னாக்கா, கூப்பிடவே வரல? கூட்டம் இல்லன்னு நாங்க கம்முனு இருந்துட்டோம்."

ரஞ்சிதம் சுண்டலை ஒரு தூக்கில் போட்டு அவள் கையில் கொடுத்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். அம்சவள்ளி தூக்கைத் தரையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுவாத. எனக்கு வேலை ஜாஸ்தியாப்பூடும்."

"இன்னிக்கே வைக்கலாங்கா. நானே போய் எல்லாரையும் கூப்பிடறேன்."

ரஞ்சிதம் ஆணியிலிருந்து டார்ச்சை எடுத்துக் கொடுத்தாள். "கூப்பிடு. ஆனா ஏழு மணிக்குத்தான் வரணும், முன்னாடி யாரும் வந்து கதவ தட்டக்கூடாது. ஆறுலேர்ந்து நான் உள்ள இருப்பேன்."

"உள்ள இன்னா பண்ணுவ?"

"நேத்து பாதியில வுட்டது ஒண்ணு இருக்குது."

அன்று சாயங்காலம் சுண்டல் வேகவைக்கவில்லை. பாயும் விரிக்கவில்லை, வருகிறவர்கள் விரித்துக்கொள்ளட்டும். கதவைச் சாத்தி நேற்றைய இடத்திலேயே உட்கார்ந்தாள். இன்றும் வார்த்தை சுலபமாக வரவில்லை. தெருக்கோடியிலிருந்து அம்சவள்ளியின் குரல் வாசல் வாசலாக நெருங்கிக்கொண்டிருந்தது: "ரஞ்சிதக்கா வூட்ல ஜெபம், வந்துடுங்க." தன் வாக்கியத்தை வேறொருவர் வாயில் ரஞ்சிதம் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கதவைத் திறக்கவில்லை. இன்னும் நேரம் இருந்தது.