கட்டம் போட்ட சட்டை

அந்த நாடகத்தை எடுத்தவன் இன்னிக்கு எதிர்ல வந்தாலும் நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன். நாப்பது வருஷம் ஆகப்போகுது, எனக்கு ஆத்திரம் அடங்கல.

ஆலங்காயத்துல அப்போ எங்க தெருவுக்கே ஒரு டிவிதான், வாத்தியார் வூட்டுல. மலை மறைக்குதுன்னு மொட்டைமாடியில ஒருத்தர் ஆண்டெனாவைத் திருப்பிக்கினே இருப்பார், கீழேர்ந்து நாங்க "வந்துச்சு, வந்துச்சு, ஐயோ போச்சு"ன்னு கத்துவோம். வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் தொடர் நாடகம், மொத்தம் பதிமூணு வாரம். தெருவே அங்கதான் குந்தியிருக்கும்.

பக்கத்துல பாய் வூட்டு அக்காவும் என்னோட வந்துக்கினு இருந்தாங்க. மூணு வாரம்தான் வந்தாங்க. அப்பால அவங்க வூட்டுக்காரரு, வாணியம்பாடி தோல் மண்டியில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு, எழுந்திருக்கவே இல்ல. அக்கா இத்தா இருந்தாங்க, புருஷன் போனா அவங்கள்ல இருக்குற துக்கம். நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டக் கூடாது. நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்கன்னாலும் அந்த வூட்டு அடுப்படி வரைக்கும் எனக்கு வழி உண்டு. ஒரு மாசம் போனப்புறம் அக்காவே கேட்டாங்க, "அந்தக் கதை இன்னாச்சு?"

அன்னிலேர்ந்து வாரா வாரம் பாத்துட்டு வந்து சொல்றது என் வேலை. யாரு இன்னா புடவை, எந்தக் கையில டம்ளர், ஒண்ணு விடமாட்டேன். அதுல எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

எட்டாவது வாரம், கதையில வர்ற பொண்ணோட புருஷன் லாரி மோதிச் செத்துப்போனான். கட்டம் போட்ட சட்டை முழுக்க ரத்தம். அக்காவாண்ட இதை எப்படிச் சொல்றதுன்னு முழுங்கி முழுங்கித்தான் சொன்னேன். ஒன்பதாவது வாரம் பாத்தா, இவ தலைவிரி கோலமா அழுதுக்கினு கூடத்துல நடக்குறா, பின்னாடி ஜன்னலாண்ட அதே ஆளு, அதே சட்டை, குந்திக்கினு காபி குடிக்கிறான்!

வாத்தியார் வூடே ரெண்டுபட்டுப் போச்சு. அவன் ரெட்டைப் பிள்ளையில இன்னொருத்தன்னாங்க வாத்தியார் சம்சாரம். அது அவ மனசுல தெரியுற உருவம்னாரு வாத்தியார். தெருக்கோடி டெய்லர் மட்டும், "சட்டைப் பாக்கெட்ல பட்டன் இல்ல, சாகறதுக்கு முன்னாடியும் இல்ல. முன்னாடி எடுத்த படத்துண்டை மறந்துபோயி இங்க ஒட்டிட்டானுங்க"ன்னாரு. அவரு சொன்னதுக்கு விழுந்த ஏச்சு கொஞ்ச நஞ்சமில்ல. டிவியில தப்பு வரும்னு அப்போ எவன் நம்புவான்? நானும் நம்பல. நேரா ஓடிப்போயி, "அக்கா, அவன் சாகலக்கா!"ன்னேன்.

அக்கா களைஞ்சுக்கினு இருந்த அரிசியை அப்படியே வெச்சுட்டாங்க. "மெய்யாலுமா? நீ பாத்தியா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அதுக்கப்புறம் நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ளயே, "வந்துட்டானா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. "நீ வந்துட்டுப் போற அன்னிக்குதாம்மா இவ வயிறாரத் துன்றா"ன்னாங்க அவங்க மாமியார்.

பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அவன் வரல. அவனைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல. ஜன்னலாண்ட ஒருத்தன் குந்தியிருந்ததே அந்த வூட்டுல யாருக்கும் தெரியல! பதிமூணாவது வாரம் அவன் போட்டோவுக்கு மாலை போட்டு, வணக்கம்னு போட்டு முடிச்சுட்டானுங்க. டெய்லர் என்னைப் பாத்துட்டு எழுந்து போயிட்டாரு. அட பாவிங்களா, செத்தவனைக் கொண்டாந்து உக்கார வெச்சீங்களே, அதைப் பாக்குற சனத்துக்குக் கண்ணு இருக்கு, மனசு இருக்குன்னு ஒருத்தனுக்குமா தோணல? எல்லாம் ஒட்டி முடிச்சு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்க மாட்டீங்களா?

வழியெல்லாம் திட்டிக்கினே வந்தேன். அக்கா வாசப்படிக்கு உள்பக்கமா நின்னுக்கினு இருந்தாங்க. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எனக்கு வேற வார்த்தை வரல.

"வந்துட்டான்க்கா. கடைசியில கதவைத் தட்டிக்கினு வந்துட்டான்."

"இன்னா சட்டை போட்டிருந்தான்?"

"அதேதான். கட்டம் போட்டது."

அக்கா என்னையே பாத்தாங்க. அப்பால மெதுவா சொன்னாங்க, "பொய் சொல்றடி. குளிப்பாட்டும்போது எங்க வூட்டுக்காரரு சட்டையைக் கத்திரி வெச்சு வெட்டித்தான் எடுத்தாங்க. செத்தவன் அதை எப்படித் திரும்பப் போட்டுக்கினு வருவான்?"