இரண்டாவது காரின் இடதுபக்க இருக்கை

என் மனைவியின் அலுவலகத்தை எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வொயிட்ஃபீல்டுக்கு மாற்றினார்கள். அனுப்பியவர்களுக்கு அது நாலு வரி மின்னஞ்சல். பொம்மனஹள்ளியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு, தினமும் ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட மாதிரி. என் அலுவலகம் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே நின்றுவிட்டது. அதுவரை ஒரு கார் எங்களுக்குத் தாராளமாக இருந்தது.

வாரத்தில் மூன்று நாள் அவள் கட்டாயம் நேரில் போயாக வேண்டும். இரவு ஷிஃப்ட் பெண்களுக்கு மட்டும்தான் கம்பெனி வண்டி. அவளுக்குப் பகல் வேலை. முதல் வாரம் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். சில்க் போர்டில் ஏறி மாரத்தஹள்ளி வரை நின்றுகொண்டே போனவள், மாலையில் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தாள். இரண்டாவது வாரம் எங்கள் காரை எடுத்துக்கொண்டு போனாள். அது கியர் வண்டி, கிளச் கொஞ்சம் கனம். ரிங் ரோட்டு நெரிசலில் அதை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி முட்டியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"இப்படியே போச்சுன்னா பேப்பர் போட்டுடுவேன்பா."

அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். நாலு வருஷம் மல்லுக்கட்டி அப்போதுதான் ஒரு குழுவுக்குத் தலைமையாக வந்திருந்தாள். வேலையை விட்டுவிடுவேன் என்று அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். களைப்பில் சொன்னாள். களைப்பில் சொல்வதை அவள் செய்துவிடுவாள்.

அதனால் காலையில் நானே கொண்டுவிட ஆரம்பித்தேன். வடக்கே போய் அவளை வொயிட்ஃபீல்டில் இறக்கிவிட்டு, வர்த்தூர், சர்ஜாபூர் என்று சுற்றி, மறுபடி தெற்கே என் அலுவலகம் வந்து சேரும்போது, கூட வேலை செய்கிறவர்கள் இரண்டாவது காபியில் இருப்பார்கள். மாலையில் அவள் பஸ்ஸில் வந்துவிடுவாள். மெட்ரோ அப்போது எங்கள் பக்கம் தலைக்கு மேலே காலியாக ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தது. மனிதர்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதிக்கிறார்கள் என்று பேச்சு. சிக்னலில் நிற்கும்போது மேலே பார்த்து, "மூட்டைக்கு இருக்கற குடுப்பினைகூட நமக்கு இல்ல" என்பாள்.

நான் கார் பைத்தியம். ஒரு வண்டி வரும் சத்தத்தை வைத்து என்ன வண்டி என்று சொல்லிவிடுவேன், யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். ஓட்டும்போது சும்மா இருக்கத் தெரியாது. புது இன்ஜின், பழைய மாடல், யார் எதை நிறுத்திவிட்டார்கள், எதை நிறுத்தியிருக்கவே கூடாது, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிக்கொண்டே போவேன். அவள் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்பாள். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற கண், ஓய்வு கொடுக்கிறாள், காது திறந்துதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி ஒரு காலையில்தான் கேட்டேன்.

"கிளச் இல்லாத சின்ன வண்டியா, செகண்ட் ஹேண்ட்ல, உனக்குன்னு ஒண்ணு எடுத்துடலாமா? முட்டியும் வலிக்காது. நீயும் யாருக்கும் காத்திருக்க வேணாம்."

"ம்" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு இறக்கை முளைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. போனில் எந்நேரமும் பழைய கார் விளம்பரங்கள். எல்லாமே சிங்கிள் ஓனர், எல்லாமே டாக்டர் ஓட்டியது, பாதி 'லேடி டிரைவன்'. இந்த ஊரில் இத்தனை டாக்டர்கள் வண்டியை விற்றுவிட்டு எதில்தான் போகிறார்கள் என்று மனைவி கேட்டாள். ஒரு வண்டிக்குள் கொசுவத்தி வாசனை. ஒன்றில் பின் கண்ணாடி முழுக்கக் குழந்தை ஒட்டிய பொம்மைப் படங்கள். அந்த வீட்டுக் குழந்தை எங்களை வாசலிலேயே நிறுத்தி, வண்டியைத் தர மாட்டேன் என்று அழுதது. ஒருவர் பானெட்டைத் திறக்கவே விடவில்லை. "ஓட்டறதுக்கா வாங்கறீங்க, உள்ள எட்டிப் பாக்கறதுக்கா?" என்றார்.

நிறுத்துகிற இடம் வேறு. எங்கள் கேட்டுக்குள் ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியாகத்தான் விடமுடியும். உள்ளே இருப்பது வெளியே வரவேண்டுமென்றால் பின்னால் நிற்பதை முதலில் தெருவுக்கு எடுக்க வேண்டும். கீழ்வீட்டில் இருக்கும் ஓனரம்மா மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தமிழர். போய்க் கேட்டபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு இடத்தை அளந்தார்.

"விட்டுக்கோப்பா, எனக்கென்ன. ஆனா காத்தால ஒருத்தரை ஒருத்தர் ஹாரன் அடிச்சி எழுப்பறது மட்டும் பேடா, வேணாம். அவ முந்திப் போவாளா, நீ முந்திப் போவியா, ராத்திரியே பேசி வெச்சிக்குங்க."

மாடிப்படி ஏறும்போது மனைவி சொன்னாள்: "ரெண்டு கார் வாங்கினா அவங்கவங்க இஷ்டத்துக்குப் போலாம்னு சொன்ன. இப்ப பாத்தா, உன் கார் வெளிய போக நான் எழுந்து வரணும்."

"அதெல்லாம் பழகிடும்."

"ம்" என்றாள். அந்த 'ம்' விழித்திருந்து சொன்னது. இரண்டுக்கும் வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியாது.

அல்சூரில் அந்த வண்டி கிடைத்தது. படத்தில் பார்த்ததுமே மனசுக்குப் பிடித்துவிட்டது. வெள்ளை நிறம், சின்னது, கிளச் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில், வண்டியைத் துடைத்து நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார் ஓனர். நாற்பது வயது இருக்கும். கல்யாண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்கிறவர்.

"வா பா, வாங்க சிஸ்டர். வண்டியைப் பூ மாதிரி வெச்சிருக்கேன். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லல, பூவேதான் ஏத்துவேன். நாத்தம்னு ஒண்ணு கிடையாது."

கதவைத் திறந்தால் சம்பங்கி வாசனை. டிக்கி ஓரத்தில் காய்ந்த சாமந்தி இதழ்கள்.

"அப்புறம் ஏண்ணா குடுக்கறீங்க?" என்றேன்.

"பத்தலப்பா. மொத எல்லாம் ரெண்டு தூணுக்குப் பூ கட்டுனா மேடை ஆய்த்து. இப்ப செவரு முழுக்க வேணும்கறாங்க. லக்கேஜ் ஆட்டோ ஒண்ணு எடுக்கறேன். பேஜாரா இருக்கு, என்ன பண்றது, பசங்க மாதிரி பாத்துக்கிட்டேன்."

நான் டயரைப் பார்த்தேன், அடியில் படுத்துப் பார்த்தேன், ஆயில் குச்சியை எடுத்து விரலில் தடவிப் பார்த்தேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன், முகத்தில் காட்டவில்லை. வண்டி அவளுக்கு என்பதால் அவளையே ஓட்டச் சொன்னேன். நான் பக்கத்தில், ஓனர் பின்னால். ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு. நன்றாகத்தான் ஓட்டினாள். குறுகலான திருப்பத்தில் ஒரு தண்ணி லாரி, ஒரு மாடு, நடுரோட்டில் ஆள் ஏற்றும் ஆட்டோ, எல்லாவற்றையும் சத்தமில்லாமல் தாண்டினாள். முட்டிக்கு வேலையே இல்லை. நான் சொன்னது சரிதானே என்று அவளைப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதுகிற முகம்.

ஏரிக்கரை ஓரமாக நிறுத்தினாள்.

"நீ ஓட்டிப் பாரு" என்றாள்.

இடம் மாறினோம். நான் ஓட்ட, அவள் இடதுபக்கம். நான் இன்ஜின் சத்தத்தில் காதை வைத்திருந்தேன். பின்னாலிருந்து ஓனர் விற்பனையை ஆரம்பித்தார்.

"சிஸ்டர், ஏசி எப்படி? சில்லுனு இருக்குல்ல?"

"ம்."

"சீட்டு போன வருஷம்தான் புதுசா போட்டது. நல்லா இருக்கா?"

"ம்."

"பாட்டு போடட்டா? ஸ்பீக்கரு நாலு இருக்கு."

"ம்."

அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. முன்னால் நகர்ந்து எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டினார்.

"உங்களுக்குப் பிடிச்சிருச்சு, எனக்குத் தெரிஞ்சிருச்சு. சாரு இன்னும் இன்ஜினைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நாம முடிச்சிக்கலாம். ரேட்டு நான் சொன்ன ரேட்டே வெச்சிக்கலாமா?"

"ம்" என்றாள் மனைவி.

திடுக்கிட்டுத் திரும்பினேன். பேரம் பேசாமல் கத்திரிக்காய்கூட வாங்காதவள் அவள். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கை இரண்டும் மடியில் மலர்ந்து கிடந்தன. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஓனரும் எட்டிப் பார்த்தார். ஒரு நொடி ஏமாற்றம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அடடா. தூங்கறாங்கப்பா" என்றார். தானே கையை நீட்டி ஏசியைக் கொஞ்சம் குறைத்தார். "எழுப்பாத. இன்னொரு ரவுண்டு போ."

போனேன். சிக்னலில் பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தபோது நானும் ஓனரும் சேர்ந்து திரும்பி அவனை முறைத்தோம்.

அந்த ரவுண்டில் இன்ஜின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இத்தனை மாதம் ரிங் ரோட்டில் நான் கேட்ட 'ம்' எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்துகொண்டிருந்தன. நிறுத்தப்பட்ட மாடல்களுக்காக அவள் என்னோடு சேர்ந்து வருத்தப்பட்ட 'ம்', டீசலா பெட்ரோலா என்ற வாதத்தில் என் பக்கம் நின்ற 'ம்', இந்தக் கார் வேட்டைக்கே பிள்ளையார் சுழி போட்ட 'ம்'. கேட்கிறாள் என்று நம்பி நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் தூங்கியிருக்கிறாள். அந்த மாதங்களை அவள் தாண்டியதே அந்தத் தூக்கத்தால்தான். அதைத்தான் நான் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு ஸ்டீயரிங்கைக் கையில் கொடுக்கப் பார்த்தேன்.

இரண்டாவது ரவுண்டு முடிந்து மூன்றாவதும் போனோம். ஓனர் வாயே திறக்கவில்லை. சந்து முனையில் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியபோது அவள் விழித்துக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "வண்டி நல்லா இருக்கு" என்றாள்.

"எது நல்லா இருக்கு?" என்றேன்.

யோசித்தாள். "சீட்டு."

ஓனர் சிரித்துவிட்டார். "அடுத்த விளம்பரத்துல 'லேடி தூங்கினது'ன்னு போட்டுடறேன் சிஸ்டர். ரேட்டு ஏறும்." வண்டியை வாங்கப் போவதில்லை என்று அவருக்கு எங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். யோசித்துச் சொல்கிறோம் என்றதற்கு, "இர்லி பிடு, இருக்கட்டும், நிதானமா சொல்லு" என்றார். கிளம்பும்போது வீட்டுக்குள் போய், வாழை இலையில் சுற்றிய மல்லிச்சரம் ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.

எங்கள் காரில் திரும்பும்போது நான் பேசாமல் ஓட்டினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. தொம்லூர் தாண்டியதும் அவளே கேட்டாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"நீ தூங்கு."

"நீ பேசினாதான் எனக்குத் தூக்கம் வரும்."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்: "ரெண்டாவது கார் வேணாம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் அவ்ளோ ஆசையா இருந்தியே. சரி, பாக்கட்டும்னு விட்டேன்." மல்லிகையை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "அந்த வண்டில போனா முட்டி வலிக்காது, நிஜம்தான். ஆனா போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஒன்றரை மணி நேரம் முழிச்சிக்கிட்டே இருக்கணும். அத நினைச்சாலே பேப்பர் போட்டுடலாம்னு இருக்கு."

"அப்ப நானே கொண்டுவிடறேன்."

"நீ எப்பத் தூங்குவ? உன் கண்ணைக் கண்ணாடில பாரு."

பார்த்தேன். சிவந்துதான் இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தூக்கம்தான் இருக்கிறது, அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. சில்க் போர்டு சிக்னலில் நின்றோம். மேலே காலி ரயில் ஒன்று விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு போயிற்று. இந்த முறை அவள் மேலே பார்க்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து விடிகிற நேரத்திலேயே கிளம்புகிறோம். அந்த நேரத்தில் ரிங் ரோடு வேறு ஊர் மாதிரி இருக்கிறது. பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். அவள் அலுவலகத்துக்கு முந்தின தெருவில் ஒரு மழைமரம். அதற்கடியில் வண்டியை நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு இருக்கைகளையும் முழுக்கச் சாய்த்துவிட்டு அவளுக்கு அலாரம் அடிக்கிறவரை தூங்குகிறோம். முதல் நாள் பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி கண்ணாடியைத் தட்டினார். மனைவி எழுந்து, கன்னடத்தில் ஏதோ சொன்னாள். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தலையையும் சாய்த்துக் காட்டினாள். அவர் போய்விட்டார். பிறகு தட்டுவதில்லை.

தீர்வு என்று இதைச் சொல்ல முடியாது. இடுப்பு வலிக்கிறது. மழை நாளில் கண்ணாடியைச் சாத்தினால் புழுங்குகிறது. சாயங்காலம் அவள் பஸ்ஸில்தான் வருகிறாள், சில நாள் இன்னும் நின்றுகொண்டேதான். பேப்பர் போடுகிற பேச்சை மட்டும் இப்போதைக்கு எடுக்கவில்லை.

எனக்குச் சில நாள் உடனே தூக்கம் வராது. அப்போது போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பழைய கார் விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். சத்தத்தை அணைத்துவிடுவேன். நேற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எத்தனாவது ஓனர்?"

"ரெண்டாவது."

"யார் ஓட்டினது?"

"டாக்டர்."

"வேணாம்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.