முதலாளியை விட்டுக்கொடுக்காத கட்சிக்காரர்

வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கேட்டு வாதாடும் வக்கீல் நான்; இந்தத் தொழிலில் தொண்டை போவது எதிர்த்தரப்பிடம் அல்ல என்பது என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

வழுக்கி விழுந்த கதை

செல்லமுத்து நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். இரும்புத் தகடு சரிந்து வலது கை நசுங்கிவிட்டது. முதலாளியே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் முதல் செலவைப் பார்த்துக்கொண்டார். "வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு" என்றும் காதில் போட்டிருக்கிறார். இவரும் டாக்டரிடம் அப்படியே சொல்லிவிட்டார்.

விரல் மடங்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும், அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு முதலாளி போனை எடுப்பதில்லை. அதன் பிறகுதான் செல்லமுத்துவும் மனைவியும் என்னிடம் வந்தார்கள். ஏன் பொய் சொன்னீர்கள் என்றேன்.

"மொதலாளி அண்ணன் பக்கத்துலயே நிக்கறாருங்க. அவரு மொகத்தப் பாத்துட்டு எப்படிங்க மாத்திச் சொல்றது?"

பரிசோதனை

ஊனம் எவ்வளவு என்று பார்க்கும் டாக்டர், "வெல்டிங் வேலை செய்ய முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லும்படி வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனுஷர் அங்கே கிடந்த ஸ்டூலை வலது மணிக்கட்டில் மாட்டித் தூக்கிக் காட்டினார். வலியில் கண் கலங்கியதை டாக்டர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வெளியே வந்து திட்டித் தீர்த்தேன்.

"வேலைக்கு ஆவமாட்டேன்னு எழுதிட்டா, நாளைக்கு எந்தப் பட்டறைலங்க சேத்துவாங்க?"

விசாரணை

சம்பளம் வாராவாரம் கையில் வாங்கியது, ரசீது கிடையாது. முதலாளி உள்ளே வந்ததும் செல்லமுத்து எழுந்து நின்றார். முதலாளி இவரைப் பார்க்காமலே, "இந்த ஆளை என் பட்டறையில் பார்த்ததே இல்லை" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர் முகத்தில் கோபமே இல்லை. வாசலுக்கு வந்ததும் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"அண்ணனுக்கு இப்பச் சர்க்கரை சாஸ்திங்க. நெனப்பு இருந்திருக்காது."

தீர்ப்பு

தோற்றுவிட்டோம். ஆபரேஷனுக்கு வழியில்லை. என் ஆபீசுக்கு வந்தவர்களிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றேன். "போதுமுங்க, கை இப்பத் தேவலாம்" என்று சிரித்தார் செல்லமுத்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சரசு என் பக்கம் திரும்பினார்.

"இவரு கை ஆபீசுல மட்டும் நல்லாருக்குதுங்க. ஊட்டுல சோறு பெசஞ்சு வாயில குடுக்கறது நானுங்க."

எதிர்த்தரப்பு வக்கீலைச் சமாளிக்க இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டேன், என் கட்சிக்காரரின் நல்ல மனசைச் சமாளிக்கத்தான் எந்தச் சட்டக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.